வெயிலின் பாடத்திட்டம்

1953இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வெப்பமண்டலக் கட்டிடக்கலை குறித்து ஒரு மாநாடு நடந்தது. அதற்கு முன்கை எடுத்தவர் மான்செஸ்டரில் கட்டிடக்கலை படித்த அடெடோகுன் அடெயெமி என்ற நைஜீரிய மாணவர். இங்கிலாந்தில் கற்கும் பாடம் தன் ஊரில் கட்டப்போகும் வீட்டுக்கு உதவாது என்பது அவருடைய குறை. எளிமையான குறைதான். கிடைத்த பதிலைக் கவனியுங்கள். 1954இல் லண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனில் இதற்கென ஒரு துறை திறக்கப்பட்டது. ஆக, லாகோஸின் வெயிலைக் கற்க லாகோஸ்காரர் லண்டனுக்கே போகவேண்டும்!

கட்டிடக்கலை மாணவர்களுக்குத் தொழில்நுட்பமும் சுற்றுச்சூழல் வடிவமைப்பும் கட்சி சாராத பாடங்களாகத்தான் கற்பிக்கப்படுகின்றன. சூரியப் பாதை வரைபடம், காற்றோட்டம், கூரை வழி இறங்கும் சூடு - இதில் என்னய்யா அரசியல் என்பார்கள். இந்த அறிவு திரண்ட இடங்களில் ஒன்று காலனியப் படைகளின் பாரக்ஸ். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரம் பற்றிய ராயல் கமிஷன் அறிக்கை வந்தது 1863இல். சிப்பாய் சாகாமலிருக்க எத்தனை காற்று வேண்டும் என்ற கேள்வி அங்கே நிர்வாகத்தின் கேள்வி. 'காலனி' என்ற சொல் கூச்சம் தரத் தொடங்கிய 1950களில் அந்த நாற்காலியில் 'வெப்பமண்டலம்' வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் இதை வெறும் ஏகாதிபத்தியச் சதி என்று மூடிவிடவும் முடியாது. துறையின் முதல் தலைவர் மேக்ஸ்வெல் ஃப்ரை. 1957இலிருந்து ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். பெர்லினில் பிறந்த யூதர், நாஜிகளால் துரத்தப்பட்டவர். 1939இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கட்டிடங்கள் கட்டி, பிறகு நேரு அரசின் வீட்டுவசதி இயக்குநராகி, 1951இல் லண்டன் போனவர். அவர் லண்டனில் கற்பித்ததில் பாதி இங்கே கற்றது என்றே நினைக்கிறேன். நாடிழந்த ஒருவர் நாடுகளைத் தட்பவெப்பமாக மட்டும் வாசிக்கும் முறையை உருவாக்கியது யோசிக்கவேண்டிய விஷயம்.

அந்த வட்டத்தில் உருவானவைதான் மஹோனி அட்டவணைகள். 12 மாதங்களின் வெப்பம், ஈரப்பதம், மழை, காற்று ஆகியவற்றை மாணவர் நிரப்புவார். ஒவ்வொரு மாதத்தையும் சுக எல்லையோடு ஒப்பிட்டால் அது வெப்பமா, குளிரா என்று விழும். முடிவில் கட்டிடம் எந்தத் திசை பார்க்கவேண்டும், ஜன்னல் எவ்வளவு, சுவர் கனமா லேசா என்பது வரை பரிந்துரை வரும். தரவு குறைந்த ஊருக்கும் கணினி இல்லாத காலத்துக்கும் இது நல்ல கருவி, மறுக்கவில்லை. என் சிக்கல் அந்தச் சுக எல்லையில். ஆண்டுச் சராசரி 20 பாகைக்கு மேலும் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் பகலில் சுகத்தின் உச்சம் 27 பாகையாம். சென்னையில் ஜனவரியில்கூடப் பகல் உச்சத்தின் சராசரி சுமார் 29. அப்படியானால் வருஷம் முழுக்க சென்னைக்காரன் பகலில் சுகமே அறியாதவன்!

யாருடைய உடம்பு இது? ஃபாங்கர் 1970இல் வகுத்த புகழ்பெற்ற சமன்பாட்டின் பின்னால் இருந்தவை அமெரிக்க, டேனிஷ் கல்லூரி மாணவர்களின் உடம்புகள். ரூர்க்கியில் ஷர்மாவும் அலியும் இந்திய உடம்புகளிடம் கேட்டு உருவாக்கிய வெப்பமண்டலக் கோடைக் குறியீடு வெளிவந்தது 1986இல். மின்விசிறிக்கடியில் 30 பாகையில் நிம்மதியாகத் தூங்குகிறவனும் சாட்சி சொல்லலாம் என்று அறிவியல் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று. உடனே நம்மாட்கள் 'திணைக் கோட்பாட்டிலேயே எல்லாம் இருக்கு' என்று கிளம்பிவிடுவார்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாலைத்திணை கூரையின் சூட்டைக் கணக்கிட்டுத் தராது.

எல்லை 27இல் நின்றால் அதைத் தாண்டிய உடம்புக்கு விற்க ஒரு யந்திரம் காத்திருக்கிறது. வாங்க முடியாதவர் தகரக் கூரையடியில் கிடப்பார். அவர் எந்த அட்டவணையிலும் வாடிக்கையாளராக வரமாட்டார். கோனிக்ஸ்பெர்கருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். 1971இல் துறை யுனிவர்சிட்டி காலேஜுக்கு இடம்பெயர்ந்தபோது 'வெப்பமண்டலம்' பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு என்றானது. வெயில் பாடம் கட்டிடக்கலைக் கல்லூரிகளில் தங்கிவிட்டது. நிலம், குடியிருப்பு, நகரம் பற்றிய கேள்விகள் இன்னொரு வகுப்பறைக்குப் போய்விட்டன.