கல்முனைக் கரையும் கல்லுடைக்கும் பொறியும்

கல்முனை என்ற பெயரில் கல் இருக்கிறது. ஊரோ மணலின்மேல் அமர்ந்திருக்கிறது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒடுங்கிய மணற்பரப்பில் நெருங்கிய வீடுகள். அத்திவாரத்துக்கும் தெருவுக்கும் வேண்டிய கருங்கல் மேற்கேயுள்ள பாறை நிலங்களிலிருந்தே வரவேண்டும். எனவே கல்லுடைக்கும் தொழிலின் வரலாறு கடலோர ஊர்களுக்கும் உரியதே.

இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை கட்ட மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் வந்தது. காட்டை வெட்டிச் சாய்த்த புல்டோசர்களின் பேரோசையை இம்மண் கேட்டது அப்போதுதான். ஆனாலும் பாறையை உடைக்கத் துளையும் வெடிமருந்தும், அதன்பின் மனிதன் ஓங்கும் சம்மட்டியுமே இருந்தன. பெக்கோவின் கையில் பொருத்தும் உடைப்பான் அன்று உலகிலேயே விற்பனைக்கு வரவில்லை. ஜேர்மனியின் குருப் நிறுவனம் அத்தகைய கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1967இல். நம் மக்கள் அதனை ‘பிரேக்கர்’ என்றே அழைக்கின்றனர்.

2004 டிசெம்பர் 26க்குப் பின்னர் இக்கரையில் நடந்தவற்றை எழுத வந்த எனக்கு அந்த ஓசை இன்றும் காதில் நிற்கிறது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு இங்கேதான். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் விழுந்துகிடந்த கொங்கிரீட்டை உடைத்து அகற்றவேண்டியிருந்தது. ஒரு நாள் ஒரு பொறி நின்றுபோயிற்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சீல் கொழும்பிலிருந்து வரும்வரை அது அசையவில்லை. இடிபாட்டின் அருகே வாய்திறவாமல் காத்திருந்தவர்களின் முகங்களைப் பற்றி அன்று நான் எழுதவில்லை.

அதன்பின்னர் ஒலுவில் துறைமுகம் எழுந்தது. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் தொடங்கிய வேலை 2013இல் திறப்புவிழாக் கண்டது. கடலுக்குள் கற்சுவர் நீட்டியதும் மணலின் ஓட்டம் மாறி, வடக்கே கரை அரிக்கப்பட்டது. துறைமுக வாயிலை மணல் அடைத்தது. அரிப்பைத் தடுக்கவும் மீண்டும் கல்லே கொட்டினார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய சோகம்.

பிரேக்கரின் உட்புறம் எளிமையானது. பெக்கோவின் ஒயில் பிஸ்டனை மேலே தள்ளும்; மேலறையிலுள்ள நைதரசன் வாயு நெருங்கும்; வால்வு திரும்பியதும் பிஸ்டன் பாய்ந்து உளியின் தலையில் அறையும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான அடிகள்! உளியைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் உளி சரியும். பிஸ்டன் அதன் ஓரத்தில் மோதிக் கீறுபடும். பிறகு சீல் கிழிந்து ஒயில் ஒழுகும். சீலை மட்டும் மாற்றிவிட்டு புஷ்ஷை அப்படியே விட்டால் அதே பழுது விரைவில் திரும்பிவரும். கிறீஸ் இடுவதற்கும் முறை உண்டு. உளியை நிலத்தில் ஊன்றி மேலேற்றிய பின்னரே இடவேண்டும். இல்லையேல் கிறீஸ் பிஸ்டனுக்கும் உளிக்கும் இடையில் நிரம்பி, அடிக்கும்போது சீலைப் பிய்த்துவிடும். கல் உடைந்த பின்னரும் வெறுமனே அடிக்கவிடும் ஓட்டுநரால் நீண்ட போல்ட்டுகள் அறுகின்றன. பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுநரின் இருக்கையிலேயே இருக்கிறது என்று பாஸ்மார் சொல்வதில் நியாயம் உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரும் இல்லாமற்போயிற்று. புதியது வாங்க வழியில்லாத காலத்தில் பழையதைக் கழற்றி, கடைந்து, பொருத்துவதே பிழைப்பாயிற்று. புஷ்ஷைக் கடையலாம், உளியைத் தீட்டலாம். வாயுவில் மட்டும் அந்தச் சமாளிப்பு செல்லாது. கழற்றுமுன் வாயுவை முழுவதும் வெளியேற்றவேண்டும்; நிரப்பும்போது நைதரசனையே நிரப்பவேண்டும். எந்தக் கராஜிலும் வெல்டிங்குக்கான ஒட்சிசன் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கும். அதனை அந்த அறைக்குள் ஏற்றினால், அழுத்தத்தில் ஒயிலோடு சேர்ந்து வெடிக்கும். அருகில் நிற்பவர் பிழைப்பதரிது.