வாயில்

“வீட்டுக்கு கேட்வே போட்டாச்சு மாமா” என்று ராஜபாளையத்திலிருந்து அக்கா மகன் போனில் சொன்னபோது, இரும்பு கேட் என்று நினைத்து என்ன செலவாச்சு என்று கேட்டேன். பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, லினக்ஸ் ஏற்றி, வீட்டிலுள்ள போன், டிவி எல்லாம் அதன் வழியாகவே இணையத்துக்குப் போகும்படி செய்திருக்கிறான். இந்த கேட்வேயைத் தமிழில் ‘நுழைவாயில்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, அங்கே நுழைவதும் உண்டு, வெளியேறுவதும் உண்டு. வெறும் ‘வாயில்’ போதும். இல்லத்தின் வாய், அதாவது இல்வாய், முன்பின்னாக மாறி வாயில் ஆனது. பேச்சில் வாசலாகி, இன்று கோலம் போடும் இடத்தையும் குறிக்கிறது. ஆனால் பழைய அகப்பாடல் மரபில் வாயில் என்றால் ஆள்! தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே பேசப் போகும் பாணன், தோழி முதலானோர் வாயில்கள். ‘வாயிலாக’ என்கிறோமே, அதில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. மருமகனின் பெட்டி செய்வதும் அதுதான்: உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரிகளின் சேதியை வெளியே தன் முகவரியில் சொல்லி, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கிறது. ஊடிய தலைவி அப்படி வந்தவரைத் திருப்பி அனுப்புவது ‘வாயில் மறுத்தல்’. வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் திருப்பாவையின் 16ஆம் பாசுரத்தில் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்பது வாயில் காப்பவனிடம்தான். மருமகனோ சுருக்கி ‘கேட்’ என்கிறான். “கேட் அடைச்சிருக்கு மாமா” என்றால், நான் இன்னமும் ரயில் வருகிறது என்றுதான் நினைக்கிறேன்.