'வேண்டாம்' என்ற பொத்தான்

2015 ஜூன் 1. விண்டோஸ் 7, 8.1 கணினிகளின் வலது கீழ்மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வெள்ளை ஜன்னல் சின்னம் வந்து உட்கார ஆரம்பித்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. சொடுக்கிப் பார்த்தால், விண்டோஸ் 10 ஜூலை 29 அன்று வருகிறது, உங்களுக்கு இலவசம், இப்போதே முன்பதிவு செய்துகொள்ளுங்கள் என்றது. அதன் பெயர் 'கெட் விண்டோஸ் 10'. கணினிக்குள் அதன் நிரலுக்கு ஜி.டபிள்யூ.எக்ஸ் என்று பெயர்.

சின்னம் அன்றைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆள் அதற்குச் சில வாரங்கள் முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தார். கேபி3035583 என்ற எண் தாங்கிய அப்டேட் வழியாக, பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற அதே வாசலில். அறிவிப்பு வசதியை மேம்படுத்துகிறது என்று மழுப்பலாக ஒரு விவரக்குறிப்பு. விளம்பரம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் ஏன் இவ்வளவு அவசரப்பட்டது? அதற்கு முந்தைய கதை தெரிய வேண்டும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை மக்கள் விடவே மாட்டேன் என்றார்கள். 2014 ஏப்ரல் வரை அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 அடுத்த எக்ஸ்பியாக மாறிக்கொண்டிருந்தது. 2012-இல் ஸ்டார்ட் பொத்தானைப் பிடுங்கிவிட்டு வந்த விண்டோஸ் 8 ஓடவில்லை. 2015 ஏப்ரலில், இரண்டு மூன்று வருடங்களில் 100 கோடி சாதனங்களில் விண்டோஸ் 10 ஓடும் என்று டெர்ரி மையர்சன் மேடையில் அறிவித்தார். முதல் வருடம் இலவசம்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அந்தப் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரே நேரத்தில் நான்கு பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் எழுதுவது நரகம். எல்லோரும் ஒரே பதிப்பில் இருந்தால் ஓட்டைகளைச் சீக்கிரம் அடைக்கலாம். நோக்கத்தில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 100 கோடி என்று ஓர் எண்ணைச் சுவரில் எழுதி மாட்டிய பிறகு, எதிரில் இருக்கும் ஆள் ஆளாகத் தெரிவதில்லை. சதவீதமாகத்தான் தெரிவார்.

அடுத்து நடந்தது எல்லாம் படிப்படியாக. 2015 செப்டம்பரில், முன்பதிவே செய்யாதவர்களின் கணினியிலும் பல ஜிகாபைட் அளவுக்கு விண்டோஸ் 10 கோப்புகள் ஒரு மறைவான கோப்புறையில் இறங்கியிருப்பது வெளியே தெரிந்தது. அளவு பார்த்து டேட்டாவுக்குக் காசு கட்டுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். 2016 பிப்ரவரியில் அது 'பரிந்துரைக்கப்பட்ட' அப்டேட்டாகப் பதவி உயர்வு பெற்றது. பரிந்துரைகளைத் தானாக ஏற்கும்படி அமைத்திருந்த கணினிகளில் நிறுவும் வேலை தானே தொடங்கியது. ஏப்ரலில், அமெரிக்காவின் டெ மாயின் நகரத்துத் தொலைக்காட்சியில் வானிலை வாசித்துக்கொண்டிருந்தபோது, மழை மேகப் படத்தின் மேலேயே நேரலையில் அந்த அறிவிப்பு வந்து நின்றது.

சரி, நிறுத்த நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்? அப்டேட்டை நீக்கி, மறைத்து வைத்தார்கள். அது புதிய வடிவில் திரும்பி வந்தது. மறுபடி மறைத்தார்கள். மறுபடி வந்தது. ஜோஷ் மேஃபீல்டு என்பவர் 2015-இல் 'ஜி.டபிள்யூ.எக்ஸ் கன்ட்ரோல் பேனல்' என்ற இலவசக் கருவியை எழுதி, மைக்ரோசாஃப்ட் தன் உத்தியை மாற்ற மாற்றத் தானும் கருவியை மாற்றிக்கொண்டே போனார். 2016 மார்ச்சில் ஸ்டீவ் கிப்சன் 'நெவர்10' வெளியிட்டார். நூறு கிலோபைட்கூடக் கிடையாது. எதோடும் சண்டை போடாது. ரெஜிஸ்ட்ரியில் 'டிசேபிள்ஓஎஸ்அப்கிரேடு' மாதிரியான மதிப்புகளை 1 என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த மதிப்புகளைக் கண்டுபிடித்தது கிப்சன் அல்ல. நிறுவனங்களின் கணினி நிர்வாகிகளுக்காக மைக்ரோசாஃப்டே எழுதி, ஆவணமும் போட்டிருந்த வசதி அது. அதாவது 'வேண்டாம்' என்ற பதில் நிரலுக்குள்ளேயே இருந்தது. நிர்வாகிக்கு அதைக் கொடுத்தார்கள்; வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்குத் திரையில் கிடைத்ததெல்லாம் 'இப்போதே', 'இன்றிரவு' என்ற இரண்டு தேர்வுகள்தான். நான் உரையாடல் பெட்டிகள் எழுதியிருக்கிறேன். ஒரு பொத்தான் கூடுதலாக வைக்க அரைமணி நேரம்கூட ஆகாது. வைக்காமல் விடுவதற்குத்தான் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டும்.

உச்சம் 2016 மே. உங்கள் கணினி இன்ன நாளில் மேம்படுத்தப்படும் என்று ஒரு பெட்டி. ரத்துசெய்ய, எழுத்துக்களுக்கு நடுவே ஒரு சின்னச் சுட்டி. வழக்கம்போல மூலையில் இருக்கும் சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடும், ஆனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும்! இருபது வருடமாக 'வேண்டாம், போ' என்று அந்தக் குறிக்கு அர்த்தம் கற்றுக்கொடுத்ததே விண்டோஸ்தான். எதிர்ப்பு வலுத்து, ஜூன் கடைசியில் அந்தக் குறிக்குப் பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லை மீறிவிட்டோம் என்று நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா அந்த டிசம்பரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

கலிபோர்னியாவில் ஒரு பயண முகவர், தான் கேட்காமலே தொடங்கிய மேம்படுத்தலால் தொழில் கணினி முடங்கியதாக வழக்குப் போட்டு 10,000 டாலர் வென்றார். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் நுகர்வோர் மையம் தொடுத்த வழக்கில், இனி அனுமதியின்றி நிறுவல் கோப்புகளை இறக்க மாட்டோம் என்று 2017-இல் உறுதிமொழி கொடுத்தது. ஜி.டபிள்யூ.எக்ஸை 2016 செப்டம்பரில் இன்னொரு அப்டேட் அனுப்பி அவர்களே நீக்கினார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. அந்த ஒரு வருடத்தில் பலர் பிடித்த குறுக்குவழி, அப்டேட்டையே மொத்தமாக அணைத்துவிடுவது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை தாக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. தாக்கப்பட்ட கணினிகளில் 98 சதவீதத்துக்கும் மேல் விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கி கணக்குச் சொன்னது. அவை எல்லாமே ஜி.டபிள்யூ.எக்ஸுக்குப் பயந்து அணைக்கப்பட்டவை என்று சொன்னால் அநியாயம். திருட்டு நகல், நிர்வாகச் சோம்பல் என்று காரணங்கள் நிறைய உண்டு. ஆனாலும் மருந்து வருகிற வாசல் வழியே விளம்பரத்தை அனுப்பினால், ஜனங்கள் வாசலைச் சாத்துவார்கள். அப்புறம் மருந்தும் உள்ளே வராது.

100 கோடி என்ற இலக்கை 2020 மார்ச்சில்தான் தொட்டார்கள், சொன்ன காலத்துக்கு இரண்டு வருடம் கழித்து. அடுத்து 2021-இல் விண்டோஸ் 11 வந்தது. அதற்கும் திரை முழுக்க அழைப்புகள் வந்தன. அவற்றை நிறுத்தவும் நிர்வாகிகளுக்கு ஓர் அமைப்பு உண்டு, 'டார்கெட் ரிலீஸ் வெர்ஷன்' என்ற பெயரில். இந்தப் பதிப்பிலேயே இருக்கிறேன் என்று அதில் எழுதி வைக்கலாம். வீட்டுப் பதிப்பில் அதற்கான பக்கத்தைத் திறந்து பாருங்கள், இருக்காது.