ரோஜாத் தோட்டமும் வாக்குச்சாவடிப் படிவமும்

தேர்தல் வருகிறது என்றால் தொழில் நடத்துபவர்கள் முதலில் கேட்பது "யார் ஜெயிப்பார்?" என்றுதான். கருத்துக்கணிப்பு வாங்குவார்கள், ஆலோசகர்களுக்குப் பணம் கொடுப்பார்கள், இரண்டு கட்சிக்கும் நன்கொடை கொடுத்து வைப்பார்கள் (இது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தானே!). கென்யாவில் 2007 டிசம்பரில் நடந்ததைப் படித்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று தோன்றுகிறது. தோற்றவர் தன் தோல்வியை நம்புவதற்கு கையில் ஏதாவது காகிதம் இருக்குமா? அதுதான் கேள்வி.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2007 டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு. அதிபர் முவாய் கிபாகியை எதிர்த்து ரைலா ஓடிங்கா. (2025 அக்டோபரில் சிகிச்சைக்காகக் கேரளத்துக்கு வந்த இடத்தில் காலமானாரே, அதே ஓடிங்காதான்.) வாக்குப்பதிவு அமைதியாகவே நடந்தது. எண்ணிக்கையின் ஆரம்பத்தில் ஓடிங்கா நல்ல முன்னிலை. பிறகு முடிவுகள் வருவது தாமதமானது, முன்னிலை கரைந்தது. 30ஆம் தேதி மாலை, சுமார் 2,30,000 வாக்கு வித்தியாசத்தில் கிபாகி வென்றதாகத் தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டு அறிவித்தார். சிறிது நேரத்திலேயே, இருட்டும் வேளையில், அதிபர் மாளிகைத் தோட்டத்தில் பதவியேற்பு முடிந்துவிட்டது. சில நாட்களில் அதே கிவுய்ட்டு, உண்மையில் யார் ஜெயித்தார் என்று தனக்கே தெரியாது என்று சொன்னதுதான் கொடுமை.

அடுத்த இரண்டு மாதத்தில் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். கோஃபி அன்னான் வந்து பேசி, பிப்ரவரி 28 அன்று அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் ஆனது. 2007இல் 7 சதவீதத்தை ஒட்டி இருந்த பொருளாதார வளர்ச்சி அடுத்த ஆண்டு 2 சதவீதத்துக்கும் கீழே போனது. மொம்பாசா துறைமுகத்தை நம்பியிருந்த உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. தேர்தல் ஒரு நாட்டில், பங்க் வாசலில் வரிசை இன்னொரு நாட்டில்!

சிக்கல் எங்கே வந்தது? கென்யாவில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் அங்கேயே எண்ணி, ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது அதற்கு 16ஏ என்று பெயர். அங்கிருந்து தொகுதிக்கு, தொகுதியிலிருந்து நைரோபிக்கு. இந்தப் பயணத்தில்தான் எண்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. சில இடங்களில் தொகுதியில் கேட்ட எண்ணும் நைரோபியில் வாசித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் சொன்னார்கள். பின்னர் தென்னாப்பிரிக்க நீதிபதி கிரீக்லர் தலைமையிலான ஆணையம், பதிவுகள் அவ்வளவு குளறுபடியாக இருப்பதால் உண்மையான வெற்றியாளரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று கைவிரித்துவிட்டது.

ஒரு தகவல் மட்டும் இருந்தது. அமெரிக்காவின் சர்வதேச குடியரசு நிறுவனம், கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் கணிப்பு எடுத்திருந்தது. அதில் ஓடிங்கா சுமார் 6 சதவீதம் முன்னிலை. தரத்தில் சந்தேகம் என்று அதை வெளியிடாமல் வைத்திருந்து, 2008 ஆகஸ்டில்தான் வெளியிட்டார்கள். அது சரியா தவறா என்பது தனி விவாதம். பூட்டி வைத்த ஆய்வு யாருக்கும் உதவவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இனி ரோஜாவுக்கு வருவோம். நைவாஷா ஏரிக்கரைத் தோட்டங்களிலிருந்து ரோஜாக்கள் விமானத்தில் ஐரோப்பா போகின்றன. வருடத்தின் பெரிய வியாபாரம் பிப்ரவரி 14, காதலர் தினம். கலவரம் நைவாஷாவுக்கு வந்தது ஜனவரி 27. அன்று அந்த ஊரில் ஒரே வீட்டுக்குள் 19 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மேற்கு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்திருந்த தொழிலாளர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடினார்கள்.

கிசோல், மாக்கியவெல்லோ, மோர்ஜாரியா என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதைத் தோட்டம் தோட்டமாக ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாராந்திர ஏற்றுமதி சராசரியாக 38 சதவீதம் குறைந்திருந்தது. சாலை மறியலால்தான் பூ போகவில்லை என்று நினைப்போம் இல்லையா? முக்கியக் காரணம் அது இல்லையாம். பறிக்க ஆள் இல்லை. மோசமான நாட்களில் பாதித் தொழிலாளர்கள் வரவில்லை. வெளிநாட்டு வாங்குபவர்களோடு நேரடி ஒப்பந்தம் வைத்திருந்த தோட்டங்களுக்கும் பெரிய தோட்டங்களுக்கும் நஷ்டம் குறைவு. அப்படியானால் முதலாளி பார்த்திருக்க வேண்டியது நைரோபி அரசியலை விட, தன் தொழிலாளி எங்கிருந்து வந்தார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அந்தத் தெரு தேர்தல் நேரத்தில் பாதுகாப்பானதா என்பதைத்தான். இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. 1992 தேர்தலை ஒட்டிப் பிளவுப் பள்ளத்தாக்கில் கலவரம் நடந்தது. 1997இல் மொம்பாசா பக்கம் லிக்கோனியில் நடந்து, கடற்கரைச் சுற்றுலாவே படுத்துவிட்டது. 2002 தேர்தல் அமைதியாக நடந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள் போலும்.

பிறகு நிறைய மாறியது. 2013இல் உள்ளூர்ப் பார்வையாளர் கூட்டமைப்பு மாதிரிச் சாவடிகளில் தனியாக எண்ணிப் பார்த்தது. 2017இல் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் அவசரப்பட்டுப் பாராட்டிய தேர்தலை, செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பாராட்டை நம்பி முதலீட்டு முடிவு எடுத்தவர்கள் என்ன செய்திருப்பார்களோ! 2022இல் 46,000க்கும் அதிகமான சாவடிகளின் படிவங்களை (இப்போது பெயர் 34ஏ) ஆணையம் இணையத்தில் போட்டது. யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். ஏழு ஆணையர்களில் நான்கு பேர் முடிவை ஏற்கவில்லை, வித்தியாசமும் 2 சதவீதத்துக்குள்தான். அப்படியும் 2007 திரும்பவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் முடிந்தது.

தீராமல் போன கணக்கு ஒன்று உண்டு. 2007 கலவரத்தில் கெரிச்சோவில் யூனிலீவர் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் தாக்கப்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட 218 பேர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். வேறு மாவட்டத்து ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்த நிறுவனத்துக்குத் தேர்தல் நேரத்து ஆபத்து தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இந்த அளவுக்குச் சட்டம் ஒழுங்கு குலையும் என்று முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்றார் 2017இல் உயர் நீதிமன்ற நீதிபதி. 1992ஐயும் 1997ஐயும் வைத்துப் பார்த்தால் எனக்கு அது ஒப்பவில்லை. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கென்யத் தோட்டத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளை லண்டன் தலைமை நிறுவனம் கவனித்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளுபடி செய்தது. 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே எடுக்கவில்லை.