நான்கு மதங்களும் ஒரே தெருவும் – பினாங்கு ஜார்ஜ் டவுன்

பினாங்கு என்றாலே எங்கள் வீட்டில் முதலில் பேசப்படுவது ரஜூலா கப்பல்தான். நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பல் ஏறிப் போனவர்கள் கதையைப் பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். போன விடுமுறையில் அங்கே வேலை பார்க்கும் மாமா வீட்டுக்குப் போக வாய்ப்பு கிடைத்தது. ஐந்து நாட்கள். ஊர் சுற்றியதை விட, அந்த ஊர் எப்படி உருவானது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜார்ஜ் டவுன் பெரிய நகரம் அல்ல. பழைய பகுதியை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெருவில் நடந்தால், முனையில் 1818-ல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி, ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் சீனக் கோயில். அதற்கடுத்து 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் (பின்பக்கம்தான் இந்தத் தெருவில் இருக்கிறது, ராஜகோபுர வாசல் அடுத்த குயின் தெருவில்). கடைசியில் 1801-ல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் பத்து நிமிட நடைக்குள்! சுற்றுலாக்காரர்கள் இதை 'நல்லிணக்கத் தெரு' என்கிறார்கள்.

இத்தனை பேர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள்?

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி ஏற்றினார். தீவு கெடா சுல்தானுடையது. சயாமிடமிருந்து தன்னைக் காப்பாற்றப் படை தருவார்கள் என்று நம்பித்தான் சுல்தான் இடம் கொடுத்தார். கம்பெனி படை தரவில்லை. 1791-ல் சுல்தான் தீவை மீட்க ஆள் திரட்டினார், தோற்றார். கடைசியில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. ஆக, இந்த அழகான ஊரின் அஸ்திவாரத்தில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது!

லைட் செய்த இன்னொரு காரியம், துறைமுகத்தைத் தீர்வையில்லாத் துறைமுகமாக அறிவித்தது. காட்டை வெட்டித் திருத்துபவருக்கே நிலம் என்றார். சீனர், மலாய்க்காரர், அர்மீனியர், அச்சே நாட்டவர், பர்மியர், நம் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். அந்தத் தமிழ் முஸ்லிம்களைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். சோழ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அவர்கள் பெயரில் இன்றும் சூலியா தெரு இருக்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாக அவர்கள் எழுப்பிய தர்காவும் அங்கேயே இருக்கிறது. நாகூருக்குப் போக முடியாதவர்கள் நாகூரையே கொண்டு வந்துவிட்டார்கள்!

ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு 'கப்பித்தான்', அதாவது தலைவர். இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மைதீன்தான் அந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர். பெயரில் உள்ள 'கெலிங்' அன்று சாதாரணச் சொல். இன்று மலேசியாவில் இந்தியர்களைத் திட்டும் சொல்லாகிவிட்டது. ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வரலாறு பாருங்கள்.

சரி, இவர்கள் எல்லாம் சண்டையே போடாமல் வாழ்ந்தார்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1867 ஆகஸ்டில் இதே தெருக்களில் சுமார் பத்து நாட்கள் பெரும் கலவரம் நடந்திருக்கிறது. கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்கள் மோதின. இதில் வியப்பு என்னவென்றால், சீனர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம் என்று பிரியவில்லை. வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற மலாய், இந்திய முஸ்லிம் சங்கங்கள் ஆளுக்கொரு சீனச் சங்கத்தோடு கூட்டுச் சேர்ந்தன. சண்டையிலும் கலந்தே நின்றார்கள்! மதத்தை விட வியாபாரமும் வட்டாரமும்தான் அன்று ஆட்களைப் பிரித்திருக்கின்றன. 1890-ல் இரகசியச் சங்கங்கள் தடை செய்யப்பட்டன.

கலப்பு என்றால் சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. நாசி கண்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் தூக்கி வந்து விற்ற சோறும் கறியும். 'கண்டார்' என்பது அந்தத் தோள்கம்பைக் குறிக்கும் சொல். இன்று எல்லா இனத்தவரும் வரிசையில் நிற்கிறார்கள். தைப்பூசத் திருவிழாவின்போது வெள்ளி ரதம் வரும் வழியில் சீனர்கள் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்களாம். மாமா சொன்னார்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சந்தோஷம்தான். ஆனால் மகாமாரியம்மன் கோயில் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னது வேறு. "தம்பி, நான் பொறந்தது இந்த மாடியிலதான். இப்ப தினமும் பட்டர்வொர்த்துல இருந்து வர்றேன். மேல ஹோட்டல் ஆயிடுச்சு."

காரணம் இதுதான். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000 ஜனவரி 1 முதல் அது நீக்கப்பட்டது. வாடகை ஏறியது. தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். பிறகு பாரம்பரியப் பட்டம் வந்ததும், பழைய கடைவீடுகள் பல விடுதியும் காபிக் கடையுமாக மாறின.

கட்டிடங்கள் காப்பாற்றப்பட்டுவிட்டன. ஆனால் அந்தக் கட்டிடங்களைப் பாரம்பரியமாக ஆக்கியவர்கள்? பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது எதிரே பூ கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவும், சாம்பிராணி விற்கும் சீனத் தாத்தாவும் அங்கே குடியிருந்தால்தானே அது நல்லிணக்கத் தெரு? இல்லாவிட்டால் நான்கு அழகான கட்டிடங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பினாங்கு போனால் கொடிமலை ரயிலில் ஏறுங்கள், கெக் லோக் சி கோயிலைப் பாருங்கள், கோட்டையைப் பாருங்கள். கூடவே ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து, "ஐயா, நீங்க எந்தத் தெருவுல பொறந்தீங்க?" என்று கேளுங்கள். அந்த ஊரின் உண்மையான வரலாறு அங்கேதான் கிடைக்கும்.