லகுனாவின் வீச்சுவலையும் ஓங்கிலும்

வீச்சுவலை பிடித்தவர்களுக்குத் தெரியும், கலங்கல் தண்ணீரில் வலை வீசுவது பெரும்பாலும் குருட்டாம்போக்குதான். பழவேற்காட்டு ஏரியில் என் அப்பா மடவைக்கு இறங்கும்போது தண்ணீருக்குள் எதுவும் தெரியாது. மேலே ஓடும் சிறு சுளிப்பு, எங்கோ ஒரு மீனின் துள்ளல், இவற்றை வைத்தே கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கணிப்பார். பல வீச்சுகள் வெறும் வலையாகத் திரும்பும். தென் பிரேசிலின் லகுனா ஊரில் அந்தக் கணிப்பை ஓங்கில்களிடம் (டால்பின்களிடம்) ஒப்படைத்துவிட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

லகுனா, சாண்டா கத்தரினா மாநிலத்தில் அட்லாண்டிக் கடலோரம் உள்ள பழைய ஊர். போர்த்துகீசியர் 1676-இல் நிறுவியது. ஊரை ஒட்டிய பெரிய காயல் ஒரு குறுகிய முகத்துவாரம் வழியாகக் கடலில் கலக்கிறது. அங்கேதான் இந்தக் கூட்டுத்தொழில் நடக்கிறது. 1847 முதலே நடந்துவருவதாக ஊர்ப் பதிவுகள் சொல்கின்றன.

மே மாதம் தொடங்கி ஜூலை வரை அங்கே குளிர்ப் பருவம். தெற்கே பாத்தோஸ் காயலில் வளர்ந்த மடவைகள் முட்டையிடுவதற்காகக் கரையோரமாகவே வடக்கு நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் புறப்படுகின்றன. லகுனா அவை போகும் வழியில் இருக்கிறது. மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்கிறார்கள். வலையின் ஒரு பாதி தோளில், மறுபாதி கையில், ஈயக்குண்டு கோத்த விளிம்பு பல்லில். யாரும் வீசுவதில்லை. பேச்சும் குறைவு. ஆழத்திலிருந்து ஓங்கில் மீனை ஓட்டிக்கொண்டு கரையை நோக்கி வருகிறது. வரிசைக்குச் சில மீட்டர் முன்னால் வந்ததும் முதுகை வில்லாக வளைத்துச் சட்டென்று மூழ்குகிறது. சில சமயம் தலையாலோ வாலாலோ தண்ணீரில் அறைகிறது. அடுத்த நொடியே வலைகள் விரிந்து விழுகின்றன. சில நொடி தாமதித்தாலும் கூட்டம் கலைந்துவிடும். எந்தப் பக்கம் மூழ்கியது என்று பார்க்கத் தவறியவர் வலை காலியாகத்தான் வரும்.

ஓங்கிலுக்கு யாரும் மீன் எறிந்து கூலி கொடுப்பதில்லை. அதன் பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வலை விழுந்த அதிர்ச்சியில் நெருக்கமாக நீந்திய மடவைக்கூட்டம் உடைகிறது. சிதறி ஓடும் மீன் நேராக ஓங்கிலின் வாய்க்கே போகிறது. ஆய்வாளர்கள் மவுரிசியோ காண்டர், ஃபாபியோ தவுரா-ஜோர்ஜே ஆகியோரின் குழு ட்ரோனையும் நீருக்கடி ஒலிவாங்கியையும் வைத்து இதை அளந்து 2023-இல் வெளியிட்டது. மீனவரும் ஓங்கிலும் ஒத்திசைந்து செயல்பட்ட தருணங்களில்தான் பெரும்பாலான மீன் பட்டிருக்கிறது. வலை சரியான நேரத்தில் விழுந்தபோது ஓங்கில்களும் நீருக்கடியில் அதிக நேரம் தங்கி, இரை தேடும் ஒலியை மும்முரமாக எழுப்பியிருக்கின்றன.

வரிசையில் யார் எங்கே நிற்பது என்பதற்கு எழுதாத முறை ஒன்று உண்டு. பழவேற்காட்டில் பாடு வைத்து முகத்துவாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களில் வளர்ந்தவனுக்கு இது வியப்பில்லை. குறுகிய இடத்தில் எல்லோருக்கும் மீன் வேண்டுமென்றால் முறை பிறந்தே தீரும். எனக்கு வியப்பு, அந்த முறைக்குள் ஓங்கில்களுக்கும் இடம் இருப்பதுதான். முதுகுத் துடுப்பின் வெட்டையும் தழும்பையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்கூபி, கரோபா என்ற பெயர்கள் அந்தக் கரையில் பிரபலம். மீன் ஓட்டிவருவது நல்ல ஓங்கில், வராதது கெட்டது என்பது அவர்கள் பாகுபாடு. எந்த ஓங்கில் எப்படிச் சைகை காட்டும் என்பதை மகன் அப்பாவிடம் கற்கிறான்.

ஓங்கில்கள் பக்கமும் அதே கதைதான். லகுனாவில் ஏறத்தாழ ஐம்பது அறுபது ஓங்கில்கள் வாழ்கின்றன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் வலைக்காரர்களோடு சேர்ந்து மீன்பிடிக்கும். ஒரே காயல், ஒரே மீன், ஒரே இனம். இது பிறவிக் குணமாக இருந்தால் எல்லாமே செய்திருக்கும். செய்பவற்றின் குட்டிகள் தாயை ஒட்டி நீந்தியபடியே வரிசையருகே வந்து பழகுகின்றன. ஆய்வாளர் பாவுலோ சிமோயிஸ்-லோபெஸ் 1980-களிலிருந்து இதைக் கவனித்து எழுதிவருகிறார். 2012-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: மீனவரோடு தொழில் செய்யும் ஓங்கில்கள், தொழில் இல்லாத நேரத்திலும் தங்களுக்குள்ளேயே கூடித் திரிகின்றன. அவற்றின் சீழ்க்கை ஒலிகூட மற்றவற்றின் ஒலியிலிருந்து வேறுபடுகிறது என்று பின்னர் தெரியவந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் சில மனிதர்களின் வலை, ஒரு விலங்குக் கூட்டத்தின் உறவுமுறையையே மாற்றியிருக்கிறது. கடலோரத் தொழிலின் வரலாற்றில் இதற்கு இணையாக ஒன்றை நான் வாசித்ததில்லை.

லகுனா மட்டும்தான் என்று சொல்லவரவில்லை. ரோமானிய அறிஞர் பிளினி, இன்றைய பிரான்சின் நீம் நகருக்கு அருகே ஒரு காயலில் ஓங்கில்கள் மீன் ஓட்டித் தந்ததை முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் பழங்குடி மக்கள் ஈட்டியால் தண்ணீருக்குள் ஒலியெழுப்பி ஓங்கில்களை அழைத்ததை 1856-இல் ஃபேர்ஹோம் என்பவர் பதிவு செய்தார். மவுரித்தேனியாவின் இம்ராகன் மக்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் பிடிபட்ட மீன் மடவை. பருவம் தவறாமல், கரையை ஒட்டி, நெருங்கிய கூட்டமாக வருவது அதன் இயல்பு. கரையில் நிற்பவனால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. கடலில் இருக்கும் ஓங்கிலுக்கு அதைத் தடுத்து நிறுத்தச் சுவர் கிடையாது. ஒருவர் குறையை மற்றவர் தீர்க்கும்படி அந்த மீன் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

  

ஓங்கிலின் குணத்தை மனிதன் மாற்றுகிறான் என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த வலை மாற்றுகிறது என்று கேட்கவேண்டும். வீச்சுவலை ஆள் கையில் இருக்கும். வீசாதபோது அது யாரையும் பிடிக்காது. ஓங்கில் தன் கண்முன்னே அதைப் பார்க்கிறது, அதன் நேரத்தைக் கற்றுக்கொள்கிறது. செவுள்வலை அப்படியல்ல. போட்டுவிட்டு ஆள் போய்விடுவார். அது இரவெல்லாம் தண்ணீரில் நிற்கும். லகுனாவில் கெளுத்திக்காகத் திருட்டுத்தனமாகப் போடும் செவுள்வலைகளில் ஓங்கில்கள் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகின்றன. வலைக்காரர்களோடு சேர்ந்த ஓங்கில்கள் பெரும்பாலும் அந்தக் கரையோரத்திலேயே இருப்பதால் செவுள்வலையில் மாட்டுவது குறைவு. அவை பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 13 விழுக்காடு கூடுதல் என்று அதே 2023 ஆய்வு காட்டுகிறது.

இன்னொரு பக்கம், கடலில் பெரிய படகுகள் முட்டை விலைக்காக மடவைக்கூட்டத்தை வழியிலேயே வளைத்துப் பிடிக்கின்றன. நம் கரையில் சுருக்குமடி வலைச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018-இல் பிரேசில் அரசு மடவைக்குப் பிடிப்பு வரம்பு கொண்டுவந்தது. ஆனாலும் லகுனா கரைக்கு வரும் கூட்டம் குறைந்துகொண்டே போகிறது. மீன் குறைந்தால் வரிசையில் காத்து நிற்க இளைஞர்கள் வரமாட்டார்கள். வலைகள் குறைந்தால் ஓங்கிலுக்கும் கரைக்கு ஓட்டிவர ஆதாயம் இருக்காது.

முதலில் காயலிலிருந்து அந்தத் திருட்டு வலைகளை எடுக்கவேண்டும். படகுகளின் வரம்பையும், ஒவ்வொரு பருவமும் கரையில் நிற்பவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்டே வைக்கவேண்டும். மடவை இன்னொரு பருவத்தில் பெருகி வரலாம். தொழில் தெரிந்த ஒரு தாய் ஓங்கில் செவுள்வலையில் செத்தால், அதன் குட்டிக்கு வரிசையைக் காட்ட அந்தக் காயலில் வேறு தாய் கிடையாது.