குடிமராமத்திலிருந்து மழைநீர்ச் சேகரிப்பு வரை

சூலக்கரை உள்ளிட்ட விருதுநகர் வட்டாரத்தின் பழைய நீர் நிர்வாகம் கண்மாயை நம்பி அமைந்தது. வற்றாத ஆறு இல்லாத இந்தக் கரிசல் சீமைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். வரத்துக்காலைத் தூர்வாருவது, கரையில் மண் போடுவது, மடையையும் கலுங்கையும் பழுதுபார்ப்பது எல்லாம் ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து. கோடையில் கண்மாயிலிருந்து அள்ளிய கரம்பை (வண்டல் மண்) வயலுக்கு உரமாயிற்று, கண்மாயும் ஆழமாயிற்று. இதைவிடச் சிக்கனமான பராமரிப்பு முறையைக் காண்பது அரிது.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், குடிமராமத்துக்கு வராதவர் தம் உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது. ஊரின் பொறுப்புணர்வைத் தண்டத்தால் மீட்க முடியவில்லை.

அடுத்த பெரிய மாற்றம் வீட்டுக்காரர்களைத் தொட்டது. கடும் வறட்சிக்கிடையே, 2003 ஜூலையில் பிறந்த அவசரச் சட்டம் தமிழக நகரங்களில் பழைய, புதிய கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அமைக்காத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது. உள்ளாட்சியே அமைத்துவிட்டுச் செலவைச் சொத்து வரியோடு வசூலிக்கலாம் என்றும் அது கூறியது. மொட்டைமாடி நீர் குழாய்வழி இறங்கி, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழியில் வடிந்து நிலத்தடிக்குப் போகும். குழியை ஆண்டுதோறும் சுத்தம் செய்யாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பல வீடுகளில் நேர்ந்தது அதுதான்.

மறுபக்கம், கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டம் வந்தது. 2017-இல் அரசு 100 கோடி ரூபாயில் குடிமராமத்தை அதே பெயரில் திட்டமாக மீண்டும் தொடங்கியது.